உடுப்பு என்று சொன்ன பார்சல்

கல்முனை
08.02.1998

அன்புள்ள ஷரிபுதீன் காக்காவுக்கு, தங்கச்சி றபீக்காவின் ஸலாம்.

வீட்டில் எல்லோரும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நோன்பில் உம்மாவுக்கு வந்த முழங்கால் வலி பெருநாளோடு போய்விட்டது. வாப்பாவுக்கு வந்த கோபம்தான் இன்னும் போகவில்லை. கட்டாரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உம்மா கேட்கச் சொன்னா.

இதை வீட்டில் காட்டாமல் எழுதுகிறேன். பதிலையும் கெம்பஸ் விலாசத்துக்கே போடுங்கள். கடைசி வருட ஆய்வை ஜூலை முடிய முன் டைப் செய்து கொடுக்க வேண்டும், நூற்றிருபது பக்கம். இங்கே கொம்பியூட்டர் அறை நாலு மணிக்கு மூடுகிறது. திறந்து கிடந்தாலும் எனக்கு நிற்க முடியாது. போன கிழமை நாலரை பஸ்ஸில் வந்தேன். நிந்தவூர் தாண்ட முன் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கி ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டார்கள். எங்கேயோ குண்டு வெடித்ததாம். வீட்டுக்கு வரும்போது பொழுது பட்டுவிட்டது. வாப்பா சந்தியில் நின்றார். "மூணு மணி பஸ்ஸுக்குப் பொறகு ஒரு பஸ்ஸிலயும் ஏறப்படாது. படிப்பு முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி" என்றார். சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதனால் ஒரு லெப்டொப் வேண்டும், காக்கா. பழையது போதும். அங்கே கம்பனிகள் கழித்துவிடுகிறவை மலிவாகக் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். வாப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். பற்றரி போட்ட சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். வீடு சோதனை போட்ட வருடம் ஒரு டோச் லைட்டுக்காக அவர் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். மெஷின் வந்து சேர்ந்த பிறகு நான் கதைத்துக்கொள்வேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
றபீக்கா

தோஹா
24.02.1998

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம். வெயில் இன்னும் ஏறவில்லை. சாப்பாடு நேரத்துக்குத்தான். சமைப்பது கேதீஸ்வரன், ஆகவே மீன் கறிக்குக் குறைவில்லை. பாண்டிருப்புக் கனகாம்பிகை அம்மாவின் மகன் அவன். டைல்ஸ் பதிக்கிற வேலை. என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுக்கிறான்.

ஆய்வுக்கு என்று கேட்டாய், சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன். கொம்பியூட்டரை மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி நிறத்தையும் வடிவையும் பார்த்து எடுக்கக்கூடாது. மாடு பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும்: பல்லைப் பிடித்துப் பார், நடக்க விட்டுப் பார். இங்கே ஒரு மலையாளியின் கடையில் மூன்று இருக்கின்றன. ஒன்று கலர் திரை, பார்க்க நல்ல வடிவு. ஆனால் நினைவு நாலு எம்பிதான், பற்றரி செத்துப்போய்விட்டது, கரண்டு போனால் அதுவும் போகும். இரண்டாவது சாம்பல் திரை, செங்கல் மாதிரிப் பாரம். எட்டு எம்பி. எழுத்துக் கட்டைகள் உறுதி, மூடியின் கீல் ஆடவில்லை. பற்றரி இரண்டு மணி நேரம் நிற்கிறது. கூட ஒரு பற்றரி தரலாம் என்கிறான். மூன்றாவது பென்டியம். அதன் விலைக்கு நான் ஒரு மாதம் பட்டினி கிடக்க வேண்டும்.

கட்டுரை அடிக்கிறவளுக்குக் கலர் எதற்கு? விளையாட்டுக்குத்தான் அது. ஆனாலும் மெஷின் உனக்கு, தீர்மானமும் உன்னுடையது. யோசித்து எழுது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம் சொல்.

காக்கா

கல்முனை
14.03.1998

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். எல்லோரும் சுகம். மாவடிப்பள்ளி வயலில் நெல் சூடடித்து முடிந்தது. வாப்பாவுக்குத் தும்மலும் தடிமனும், வேறொன்றும் இல்லை.

செங்கலையே எடுங்கள். இங்கே பொழுதுபட மஃரிபுக்குக் கரண்டு போனால் இரவு இஷாவுக்கும் வராது. எனக்கு முக்கியம் பற்றரிதான். இரண்டு பற்றரியும் வேண்டும், காக்கா, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ் எழுத்து உள்ள பிளொப்பியும் அனுப்புங்கள்.

ஒரு பயம் இருக்கிறது. ரோட்டில் பற்றரி என்றாலே குண்டுக்கா என்று ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கூட்டாளி தங்கேஸ்வரி கல்குலேட்டர் வைத்திருந்ததற்கே கால் மணி நேரம் விசாரித்தார்கள். ஆர் கொண்டு வந்தாலும் கடைப் பில்லைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலுக்குள் கிடைத்தால்தான் எனக்கு உதவும்.

தங்கச்சி

தோஹா
31.03.1998

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். உன் சுகமும் வீட்டார் சுகமும் அறிந்து மகிழ்ந்தேன். வாப்பாவை மழையில் நனைய விடாதே.

மெஷினை எடுத்துவிட்டேன். அடியில் கம்பனி ஒட்டிய வெள்ளைத் துண்டில் 4471 என்று இருக்கும், சரிபார்த்துக்கொள். வலது பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. அதைப் பின்னால் தள்ளி மூன்று எண்ணும் வரை பிடி. உடனே ஒன்றும் தெரியாது, பதறாதே. திறந்ததும் ஒரு பக்கம் தானாக வரும். அதில் உனக்கு ஒரு வரி அடித்து வைத்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன்.

பாலமுனை முகம்மது தம்பி போவது மே மாதம்தான். ஆனால் கேதீஸ் சித்திரை வருஷத்துக்குப் போகிறான். பதினோராம் திகதி விமானம். அவனிடம்தான் கொடுக்கிறேன். வழக்கம் போல வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, உன் பெயரையும் எழுதிவிட்டேன். உள்ளே மெஷின், இரண்டு பற்றரி, சார்ஜர். தமிழ் எழுத்தை மெஷினிலேயே ஏற்றிவிட்டேன். மேலே வாப்பாவுக்கு உடுத்திக்கொள்ள ஒரு சாரமும் வைத்திருக்கிறேன்.

கேதீசிடம் உடுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். தமிழ்ப் பொடியன், வழி நெடுக செக்கிங். உள்ளதைச் சொன்னால் பயந்து, கொண்டு போக மாட்டான். தைத்த பார்சலை அவன் பிரிக்கவும் மாட்டான். ஒருவர் நம்பித் தந்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பில்லைக் கொடுத்தால் விஷயம் தெரிந்துவிடும், ஆகவே என்னிடமே வைத்துக்கொண்டேன். பயப்படாதே. உடுப்பு என்றால் ஒருவரும் திறக்கச் சொல்வதில்லை.

உன் காக்கா

கல்முனை
29.04.1998

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம். வீட்டில் சுகம். உங்கள் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம்.

கேதீஸ் அண்ணன் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. சாமானும் வரவில்லை. இதைப் பற்றி இனிக் கடிதத்தில் எழுத வேண்டாம். உங்கள் கடைசிக் கடிதத்தின் உறை பிரித்து ஒட்டினது போல இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம். உம்மா உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னா.

றபீக்கா

தோஹா
15.05.1998

தங்கச்சிக்கு ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை.

ஒரு மாதமாக வந்து சேராமல் இருக்க அவன் கால்நடையாகவா வருகிறான்? எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பிலேயே பிரித்துப் பார்த்திருப்பான். விற்றுவிட்டு எங்கேயாவது நின்றுகொண்டிருப்பான். ஒரே சட்டியில் தின்றோம். என் சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினான். ரூமில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், கேதீஸ்வரன் கள்ளன் என்று. அவனுடைய பெட்டியை எடுத்து வெளியே வைத்தாயிற்று. வாப்பாவை அனுப்பி அவன் தாயிடம் கேட்கச் சொல். நீ ஏன் இப்படி மூடி மூடி எழுதுகிறாய்?

காக்கா

கல்முனை
02.06.1998

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

இதை லீவு முடிந்து திரும்புகிற முகம்மது தம்பி காக்காவின் கையில் தருகிறேன். தபாலில் போட எனக்குத் துணிவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இருந்துகொண்டு வாசியுங்கள்.

கேதீஸ் அண்ணன் கள்ளனில்லை. ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி ஊருக்கு வருகிற வழியில் ஒரு செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து அவரைப் பிடித்துவிட்டார்கள். பார்சலில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். உடுப்பு என்றாராம். தூக்கிப் பார்த்தவனுக்குப் பாரம் பிடிபட்டிருக்கிறது. துணியை வெட்டினால் சாரத்துக்குக் கீழே கறுப்புப் பெட்டி, வயர், இரண்டு பற்றரி. அந்த இடத்திலேயே எல்லோரும் விழுந்து படுத்தார்களாம். பஸ்ஸில் வந்த ஒரு மனுசி சொல்லித்தான் தாய்க்குத் தெரியும். இன்றுவரை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு எழுத வராதது. ஏப்ரல் பதினாறாம் திகதி ஆமிக் காம்பிலிருந்து இரண்டு பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். "கட்டாரிலிருந்து பார்சல் ஏதும் வருமெண்டு பாத்திருந்தீங்களா?" என்று வாப்பாவிடம் கேட்டார்கள். வாப்பா, "இல்ல தொர, எங்களுக்கு ஒரு பார்சலும் வரக் கிடக்கல்ல" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாதே. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், "அது என்ட" என்று சொல்லியிருக்கலாம். நான் எடுத்து வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு வாப்பா, "ஒனக்கு ஏதும் தெரியுமா புள்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன், காக்கா. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றேன்.

பார்சலில் என் பெயர் இருக்கிறது. நாங்கள் இல்லை என்றதால், கேதீஸ் அண்ணன் பொய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார் என்றாகிவிட்டது. கனகாம்பிகை அம்மா மூன்று தரம் வந்து போய்விட்டா. போன வெள்ளிக்கிழமை உம்மா தேத்தண்ணி கொடுத்தும் குடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், நீங்க ஒரு சொல்லுச் சொன்னா விட்டுருவாங்களாம். தெரியுமெண்டா சொல்லுங்க, தெரியாட்டி நான் உங்கள வருத்தல்ல" என்றா. நான் ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாய் குரைத்தால் எழும்பி உட்காருகிறேன். ரோட்டில் ஜீப் நின்றால் எனக்குத்தான் என்று நினைக்கிறேன். பற்றரி கேட்டது நான். அவசரப்படுத்தியது நான். கடைப் பில்லையும், மெஷின் உங்களுடையது, உடுப்பு என்று சொன்னது நீங்கள்தான் என்று ஒரு கடிதத்தையும் உடனே அனுப்புங்கள். அது கையில் வந்தால் நான் போவேன்.

உங்கள் தங்கச்சி

தோஹா
20.06.1998

தங்கச்சிக்கு ஸலாம். கடிதம் கிடைத்தது.

யோசித்துத்தான் எழுதுகிறேன், கோபிக்காதே. அந்தச் சாமான் போனால் போகட்டும். நீ எங்கேயும் போக வேண்டாம், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பினால் நாளைக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் என்னைத்தான் கேட்பார்கள். நீ குமர்ப்பிள்ளை. உன் பெயர் அங்கே ஏறினால் பிறகு எவன் வந்து பெண் கேட்பான்? குற்றம் செய்யாதவனை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? விட்டுவிடுவார்கள். நான் ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்காகத் துஆக் கேட்கிறேன். ஓகஸ்ட் லீவுக்கும் நான் வராமல் விடலாம் என்று நினைக்கிறேன்.

வாசித்துவிட்டுக் கிழித்துவிடு.

காக்கா

கல்முனை
11.07.1998

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்ற சொல்லை இந்த முறை நின்று நிதானித்து எழுதுகிறேன். ஓம், சுகம்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "அண்டைக்கு நான் உண்மையத்தான் சொன்னன். எண்டாலும் அந்தப் புள்ளைக்கு அது பொய்யாப் போச்சே" என்றார். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, வாசலில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பாண்டிருப்புக்குப் போய்க் கனகாம்பிகை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கேதீஸ் அண்ணனை வைத்திருக்கிற காம்புக்குப் போனோம். பஸ்ஸில் வாப்பாவின் கை நடுங்கியது. என் கையும்தான். அந்த அம்மா நடுவில் இருந்துகொண்டு இரண்டையும் பிடித்துக்கொண்டா.

பில் இல்லை. ஆகவே உங்கள் கடிதங்களைக் கொண்டு போனேன். மூன்று மெஷின் பற்றி எழுதியதையும், உடுப்பு என்று சொன்னேன் என்று எழுதியதையும். மொழி பெயர்க்கிறவர் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்ல, காம்பின் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாடு பார்க்கிற வரிக்கும் அவர் சிரிக்கவில்லை. அடியில் உள்ள இலக்கத்தைப் பார்த்தார்கள், 4471. பிறகு, "உன்னுடையது என்றால் நீயே போட்டுக் காட்டு" என்றார்.

மெஷினை வெளியே ஒரு மேசையில் வைத்தார்கள். அதுவரை அதை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லையாம். வயரைக் கொழுவிவிட்டு எல்லோரும் தள்ளிப் போய் மண்மூட்டைக்குப் பின்னால் நின்றார்கள். நான் மட்டும் மேசையோடு. நான் அதை முன்பின் தொட்டதில்லை, காக்கா. உங்கள் கடிதத்தை நினைத்துப் பொத்தானைப் பின்னால் தள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் வரவில்லை. கலிமாச் சொல்லிக்கொண்டு நின்றேன். என்னவோ உள்ளே கிர்ரென்றது. மண்மூட்டைக்குப் பின்னால் யாரோ குனிகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு திரை வெளித்தது. நீங்கள் அடித்து வைத்த வரி வந்தது. "றபீக்கா, இதைத் தொட முன் கையைக் கழுவு. காக்கா." மொழி பெயர்க்கிறவர் அதைப் பெரியவருக்குச் சொன்னார். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்து, உட்காரும்படி கதிரையைக் காட்டினார்.

மூன்று நாள் கழித்து, ஒன்பதாம் திகதி, கேதீஸ் அண்ணனை விட்டார்கள். மெஷினையும் தந்தார்கள், பற்றரியைத் தரவில்லை. நேற்று வாப்பாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். மெலிந்து போனார். விரல்களை மடக்க முடியவில்லை, கரண்டியைப் பிடிக்கத் தாய் உதவி செய்கிறா. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்: "தங்கச்சி, ஷரிபுதீன் கோவமா? அவன்ட சாமான நான் ஒழுங்காக் கொண்டு வந்து சேர்க்கல்லயே."

தினமும் பார்சலில் என்ன என்று கேட்டார்களாம். தினமும் உடுப்பு என்றாராம். மெஷினைக் கண் முன்னால் வைத்துக் கேட்டபோதும், "பார்சல் எங்கயோ மாறியிருக்கு, ஷரிபுதீன் என்னட்டத் தந்தது உடுப்பு, அவன் எனக்குப் பொய் சொல்ல மாட்டான்" என்றாராம். அதற்குத்தான் கூடுதலாக அடி விழுந்தது என்று தாய் சொன்னா.

நீங்கள் அவரைக் கள்ளன் என்று எழுதிய கடிதத்தையும், என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன கடிதத்தையும் நான் அங்கே கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மற்றவை அவர்களிடம் இருக்கின்றன, உங்கள் பெயரோடு. அதை உங்களுக்கு ஒளிக்கப் போவதில்லை. வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஆய்வுக்கு ஒரு மாதம் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். கரண்டு இருக்கிற நேரத்தில் அடிக்கிறேன், கையைக் கழுவிவிட்டு.

உங்கள் தங்கச்சி றபீக்கா

தோஹா
28.07.1998

அன்புள்ள கேதீசுக்கு, வணக்கம்.

அம்மாவின் சுகத்தையும் உன் சுகத்தையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். விரல்களுக்கு எண்ணெய் போடுகிறாயா?

தங்கச்சியின் கடிதம் கிடைத்த அன்று ரூமில் எல்லோரும் சாப்பிட இருந்த நேரம் எழும்பி நின்று சொன்னேன், கேதீஸ் கள்ளனில்லை, பொய்யன் நான்தான் என்று. உன் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டு வந்து கட்டிலில் வைத்திருக்கிறேன். நீ போனதிலிருந்து மீன் கறியை ஒருவனுக்கும் வாயில் வைக்க முடியவில்லை. இப்போது சமைப்பது நான்.

கேதீஸ், நீ பயப்படுவாய் என்றுதான் உனக்குச் சொல்லவில்லை என்று தங்கச்சிக்கு எழுதினேன். அது முழு உண்மையில்லை. உனக்கு ஆபத்து என்று எனக்கு நல்லாகத் தெரியும். தெரிந்துகொண்டே தந்தேன். பிறகு என் முறை வந்தபோது பில்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு துஆக் கேட்டேன். நீ எண்பத்தெட்டு நாள் இருந்தாய். எனக்கோ, என் பெயர் அங்கே இருக்கிறது என்று அறிந்த இரண்டு நாளிலேயே சோறு இறங்கவில்லை.

ஓகஸ்ட் பதினாலுக்கு டிக்கட் போட்டுவிட்டேன். கட்டுநாயக்காவில் கேட்டால் பில்லைக் காட்டுவேன், அது சட்டைப் பையிலேயே இருக்கிறது. அங்கே விட்டால், நீ வந்த அதே ரோட்டால் பஸ்ஸில் வருவேன். உன்னை இறக்கிய இடத்தில் என்னையும் இறக்குவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு மூன்று சேட்டும் அம்மாவுக்கு ஒரு சாரியும் எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, உன் பெயர் எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன என்று கேட்பார்கள். உடுப்பு என்பேன். வெட்டிப் பார்த்தாலும் இந்த முறை உடுப்புத்தான் இருக்கும்.

ஷரிபுதீன்